பைன் காய் ஜன்னல்

அந்த அறைக்குள் காலை வைக்கத் தபஸ்ஸுமுக்கு நான்கு நிமிடம் பிடித்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டு நாளைக்கு முன்பு வாட்ச்மேன் கடப்பாரையால் நெம்பியதில் உள்தாழ்ப்பாள் பிய்ந்து, ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கட்டில். ஒரு மேஜை. தரையில் சாம்பல் பூத்த ஒரு கரிச்சட்டி.

"அம்மணி, நீங்க உள்ள போறீங்களா, இல்ல நான் போயி உங்களுக்கு லெட்டர் போடட்டுங்களா?" என்றார் அம்புரோஸ்.

பயம் வந்தால் அம்புரோஸுக்கு ஜோக் வரும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். தபஸ்ஸும் இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டுக் குன்னூர் கடைவீதி மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, தன் பழைய ஜீப்போடு வந்து சேர்ந்துகொண்டவர். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"எனக்குப் பயமா இருக்குங்ணா."

"எனக்கு மட்டும் என்னங்க? முப்பது வருஷம் வெடிமருந்துக்குப் பக்கத்துல உக்காந்து டிபன் சாப்பிட்டவன். இன்னைக்கு ஒரு கரிச்சட்டியப் பாத்துக் காலு நடுங்குது."

தபஸ்ஸும் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை மாலை இந்தக் கட்டிலில்தான் இந்து மயங்கிக் கிடந்தாள். முப்பத்து மூன்று வயது என்ஜினீயர். நாவல்மட்டம் எஸ்டேட்டின் பழைய கிடங்கு ஒன்றை எடுத்து, பாதியைப் பட்டறையாகவும் பாதியை இந்தச் சோதனை அறையாகவும் மாற்றியிருந்தாள். செடியும் பூச்சியும் சிப்பியும் தங்கள் உடம்பை எப்படிக் கட்டிக்கொள்கின்றன என்று பார்த்து, அதே முறையில் புதுப் பொருட்கள் செய்வது அவள் வேலை.

நீலகிரியில் ஒவ்வொரு குளிருக்கும் எங்கேயாவது ஒரு குடும்பம் கரிச்சட்டியை வீட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். காலையில் எழுந்திருக்காது. கரியிலிருந்து வரும் அந்த விஷவாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. அதற்காகத்தான் இந்து ஒரு ஜன்னல் செய்தாள்.

கண்ணாடி இல்லாத ஜன்னல். மரச்சட்டத்துக்குள் நாற்பது மெல்லிய மரச்செதில்கள். ஒவ்வொரு செதிலும் இரண்டு அடுக்காக ஒட்டியது. ஓர் அடுக்கு ஈரம் பட்டால் ஊதும், மற்றொன்று ஊதாது. அதனால் செதில் ஈரத்தில் ஒரு பக்கமும் காய்ந்தால் மறுபக்கமும் தானாக வளையும்; சுவரில் பதித்த கம்பித் தடுப்பின் பக்கம் வளைந்தால் மூடும், விலகி வளைந்தால் திறக்கும். பைன் காய் விரிவதும் மூடுவதும் இப்படித்தான். பனிமூட்டம் வந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும். உள்ளே கரி போட்டால் சூட்டில் அறை காயும், செதில்கள் விரியும், வாயு வெளியேறிவிடும். கரண்டு வேண்டாம், மோட்டார் வேண்டாம், மனிதர் விழித்திருக்கவும் வேண்டாம்.

இங்கே ஒன்று மாட்டியாயிற்று. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் இன்னொன்று. சரியாக வேலை செய்தால் மற்ற வீடுகளுக்கும் வரும்.

அந்த ஜன்னல் இருந்த அறையிலேயே இந்து விழுந்துவிட்டாள். மேஜைமேல் இருந்த வாயு மீட்டர் கத்தியதால் வாட்ச்மேன் ஓடி வந்து கதவை உடைத்தார். குன்னூர் ஆஸ்பத்திரியில் அவள் இன்னும் கண் விழிக்கவில்லை. காய்ச்சலோடு கரிச்சட்டி பக்கத்தில் தூங்கிவிட்டாள், அஜாக்கிரதை என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

இந்துவோடு சேர்ந்து தொழில் செய்யும் மெட்டில்டா அதை நம்பாமல் தபஸ்ஸுமை அழைத்தாள். காரணம், போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவுக்கு அடியில் கிடைத்த ஒரு காகிதம். தேயிலை எடை போட்டுத் தரும் துண்டுச் சீட்டு. அதன் பின்பக்கத்தில் பென்சிலில் கோணல் எழுத்து.

"இந்த சன்னலால ஒரு உசுரு போவும். களட்டிருங்க."

கையெழுத்து இல்லை. மூன்றே நாளில் ஓர் உயிர் ஊசலாடியது.

அந்தச் சீட்டு இப்போது தபஸ்ஸுமின் கைப்பையில் இருந்தது.

"நல்லா காத்தோட்டமாத்தானுங்க இருக்கு," என்றார் அம்புரோஸ் சுவரைப் பார்த்து. "சன்னல் பூரா தாமரை மாதிரி விரிஞ்சு கெடக்குது. இதுல எப்படி மூச்சு முட்டும்?"

தபஸ்ஸும் திரும்பினாள்.

நாற்பது செதில்களும் வாய் பிளந்து நின்றன. அவற்றின் வழியாகப் பனி உள்ளே புகுந்து, கட்டில்மேல் வெள்ளையாகப் படர்ந்துகொண்டிருந்தது. மணி மூன்றுதான். வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"அண்ணா, வெளிய ஒரு பைன் மரம் இருக்குதல்ல? கீழ கெடக்கற காய் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அம்புரோஸ் கொண்டுவந்த காய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. செதில்கள் ஒன்றோடொன்று இறுகி, நகம் நுழைய இடமில்லாமல் மூடியிருந்தது.

தபஸ்ஸும் காயைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"காய் மூடியிருக்குது. அதைப் பாத்துச் செஞ்ச சன்னல் தொறந்திருக்குது."

அம்புரோஸ் காயை வாங்கி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

மேஜையில் ஒரு ஹேர் டிரையர் கிடந்தது. செதில்களைக் காயவைத்துப் பார்க்க இந்து வைத்திருந்தது. தபஸ்ஸும் அதை எடுத்து நீட்டினாள்.

"எனக்கும் இந்த மிஷினுக்கும் இருபது வருஷமா பேச்சுவார்த்தையே இல்லீங்க," என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே அம்புரோஸ் சுவிட்சைப் போட்டார்.

சூடான காற்று பட்டது. முதல் செதில் நடுங்கியது. மெதுவாக, ஒரு கண் இமை இறங்குவது போல, அது சட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. டக். அடுத்தது. டக். வரிசையாக டக், டக், டக்.

அறை இருட்டிக்கொண்டு வந்தது.

"நிறுத்துங்ணா! நிறுத்துங்க!"

தபஸ்ஸும் வாசலுக்கு ஓடி, வெளியே நின்று மூச்சு வாங்கினாள். புதன்கிழமை மாலை இதுதான் நடந்திருக்கிறது. இந்து கரியைப் போட்டுவிட்டு, காய்ச்சல் மாத்திரை மயக்கத்தில் கண்ணை மூடியிருக்கிறாள். அறை காயக் காய, அவளைக் காப்பாற்ற வேண்டிய ஜன்னல் ஒவ்வொரு செதிலாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது.

மறுபடி உள்ளே போய், சட்டத்தின் மூலையில் டார்ச் அடித்தாள். பென்சிலால் எழுதிய ஒரு வார்த்தை தெரிந்தது.

"வெளி."

"உள்பக்கம் நின்னுட்டு 'வெளி'ன்னு படிக்கிறோமுங்க," என்றார் அம்புரோஸ் மெல்லிய குரலில்.

தபஸ்ஸும் மெட்டில்டாவுக்கு போன் போட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தத்துக்கு நடுவே மெட்டில்டாவின் குரல் வந்தது.

"அது எஸ்டேட் கார்பென்டர் மாரிச்சாமியண்ணன் எழுதறது. எந்தப் பக்கம் வெளிய வரணும்னு அடையாளம். ஏன் கேக்கறீங்க?"

"அந்த எழுத்து இப்ப உள்பக்கம் இருக்குதுங்க. சட்டத்தையே யாரோ கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க."

"திருப்பியா?" என்றாள் மெட்டில்டா.

"மெட்டில்டா, திருப்பி மாட்டினா என்ன ஆகும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, இந்துவுக்கு. வேற யாருக்கும் தெரியாது. பேட்டன்ட் வாங்கற வரைக்கும் வேலை செய்யற விதத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு நான்தான் கண்டிப்பா சொல்லியிருந்தேன். எஸ்டேட் ஆளுங்ககிட்ட 'தொடாதீங்க'ன்னு மட்டும்தான் சொன்னோம்."

போன் கரகரத்து அறுந்தது. பனி இறங்கிவிட்டால் இங்கே சிக்னல் இருக்காது.

"அப்ப ஒருத்தர் தானாவே கண்டுபிடிச்சிருக்காருங்க," என்றார் அம்புரோஸ். "கத்தி இல்ல, கயிறு இல்ல. சன்னலத் திருப்பி மாட்டிட்டு வீட்டுக்குப் போயி காபி குடிச்சிருக்கான்."

வெளியே பொத்தென்று ஏதோ மிதிபட்டது.

இருவரும் உறைந்து நின்றார்கள். பனிக்குள் கறுப்பாக ஒன்று நகர்ந்தது. ஆளைவிட அகலம். அது நின்றது. பெருமூச்சு விட்டது. பிறகு தேயிலைச் செடிகள் சரசரக்க, கீழே இறங்கிப் போனது.

"காட்டுமாடு," என்றார் அம்புரோஸ். நெற்றி வேர்த்திருந்தது. "அதுக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியாதுங்க. லிஸ்ட்ல இருந்து எடுத்துரலாம்."

தபஸ்ஸும் சீட்டை வெளியே எடுத்தாள். தொழிலாளியின் எண் இருந்த மூலை கிழிந்திருந்தது. போன வெள்ளிக்கிழமைத் தேதியும் எடையும் மட்டும் மிச்சம். பதினொரு கிலோ.

"இதை எழுதினவங்க நம்பரைக் கிழிச்சுட்டாங்க. ஆனா எடையை விட்டுட்டாங்க. வாங்க, கேட்டுப் பாப்போம்."

எடை போடும் ஷெட்டில் சூப்பர்வைசர் பாண்டியராஜ் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். தேதியையும் எடையையும் சொன்னதும் யோசிக்கக்கூட இல்லை.

"அன்னைக்கு நல்ல கொழுந்துங்க மேடம். கை மெதுவா ஓடறவங்களே முப்பது கிலோ எடுத்தாங்க. பதினொண்ணுன்னா அது வேலாயிதான். தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்னு பத்து மணிக்கே லீவு சொல்லிட்டுப் போயிருச்சு."

"வேலாயி எப்படிங்க?"

"ஐயோ, வாயத் தொறந்தா சண்டைதான். அது வீட்லதான் இந்துமேடம் இன்னொரு சன்னலு மாட்டியிருக்காங்க. மாட்டுன நாள்ல இருந்து ரகளை. 'களட்டறீங்களா, நானே ஒடைக்கட்டுமா'ன்னு செடி வெட்டற கவாத்துக் கத்தியத் தூக்கிட்டு இங்கயே வந்துருச்சுங்க."

தபஸ்ஸும் அம்புரோஸைப் பார்த்தாள். அந்த ஜன்னலோடு இருபத்துநாலு மணி நேரமும் குடியிருப்பவள். அது எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று தினமும் கண்ணால் பார்ப்பவள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இப்ப வேலாயி எங்க?"

"இன்னைக்கு லீவு. வீட்லதான் இருக்கும். மத்தவங்க எல்லாம் தேயிலைக் காட்டுல இருக்காங்க, அஞ்சு மணிக்குத்தான் லைனுக்குத் திரும்புவாங்க."

அதாவது இந்த நேரத்தில் லைனில் வேலாயியும் அவள் கத்தியும் மட்டும்தான்.

லைன் வீடுகளுக்கு இறங்கும் பாதை தேயிலைக்கு நடுவே கருங்கல் படிகளாகப் போனது. ஜீப்பில் போனால் சுற்று வழி. நடந்தார்கள். முன்னால் போகும் அம்புரோஸின் முதுகு அடிக்கடி மறைந்தது.

"அண்ணா, பேசிட்டே போங்க. நீங்க இருக்கறது தெரியோணும்."

"என்னத்தப் பேசறதுங்க? கவாத்துக் கத்திக்கு முன்னால எப்படி நடந்துக்கறதுன்னு எங்க ஃபேக்டரி டிரெய்னிங்ல சொல்லித் தரலீங்க."

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு மேல் இரும்பு உரசும் சத்தம். க்ளிங். ஒரு படி. க்ளிங். இன்னொரு படி. யாரோ மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

அம்புரோஸ் கையை விரித்துத் தபஸ்ஸுமைத் தன் பின்னால் தள்ளினார்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு மனிதர் வெளியே வந்தார். அறுபது வயது இருக்கும். மப்ளர் சுற்றிய முகம். தோளில் சாக்குப் பை. பைக்குள் சுத்தியலும் உளியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"யாருங்க?" என்றார் அவரும் பயந்துபோய்.

"மாரிச்சாமிங்களா? கார்பென்டர்?" என்றாள் தபஸ்ஸும்.

"ஆமாங்க."

அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசும் தெம்பு இல்லை. "இந்து மேடம் அறையில சன்னல் சட்டத்த யாரோ திருப்பி மாட்டியிருக்காங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நாந்தானுங்க," என்றார் மாரிச்சாமி.

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி சொன்னார்.

"நீங்களா?"

"அந்தம்மா காய்ச்சலோட இருமிட்டே வேலை செய்யுதுங்க. கரிச்சட்டிய வச்சா இந்த சன்னலு தொறந்துக்குது. இருக்கற சூடு பூரா வெளிய போயிருது. திருப்பி மாட்டுனா கரி போட்டதும் மூடிக்கும்னு தோணுச்சு. புதன்கெழம மத்தியானம் அது மருந்து வாங்கப் போயிருந்துச்சுங்க. சத்தமில்லாம மாட்டிட்டு வந்துட்டேன். ராத்திரிக்காச்சும் குளுராம இருக்கட்டும்னு."

அம்புரோஸ் கேட்டார், "அவங்க மயங்கி விழுந்ததுக்கு அப்புறமும் நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"கதவை அடைச்சுக் கரி போட்டா மயக்கம் வரும்னு போலீஸ் சொன்னாங்க. கதவாலன்னுதான் நெனச்சேன். சன்னலுக்கும் அதுக்கும் என்னங்க?"

தபஸ்ஸும் அந்தச் சீட்டை அவரிடம் நீட்டினாள். அவர் மப்ளரை இறக்கிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது வேலாயி எழுத்துங்க. அது தங்கச்சி ரூபாவதிக்குப் போன வெள்ளிக்கெழம பொம்பளப்புள்ள பொறந்துச்சு. இந்த சன்னலோட வீட்டுக்குக் கொண்டாந்தா பச்சப்புள்ள குளுர்ல வெறைச்சுச் செத்துரும்னு எல்லார்ட்டயும் பொலம்பிட்டுத் திரிஞ்சுது. யாரும் காதுல வாங்கலீங்க. அதான் எழுதிப் போட்டிருக்கு."

தபஸ்ஸும் சீட்டை மறுபடி பார்த்தாள். மிரட்டல் என்று இரண்டு நாளாக அவள் படித்த அதே வார்த்தைகள். ஒரு பெரியம்மா கெஞ்சியிருக்கிறாள். கொலைகாரனே கிடையாது. ஒரு கணம் உடம்பு லேசானது.

அடுத்த கணம் மாரிச்சாமியின் தோளில் தொங்கிய பை கண்ணில் பட்டது.

"நீங்க இப்ப எங்க இருந்து வர்றீங்க?"

"வேலாயி வூட்ல இருந்துதாங்க. மத்தியானந்தான் புள்ளய வூட்டுக்குக் கொண்டாந்தாங்க. பாவமா இருந்துச்சு. ரெண்டு மணிக்கே போயி அவுங்க சன்னலையும் திருப்பி மாட்டிட்டேன். அப்புறம் பக்கத்து வூட்ல ஒரு கதவ இழைச்சுட்டு வர்றேன்."

"கரி போட்டாங்களா?"

"புள்ளயக் குளிக்க வச்சுட்டு அப்பவே போட்டுட்டாங்க. வூடு நல்லா கதகதன்னு..."

அவர் முடிக்கவில்லை. தபஸ்ஸுமின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஓடுங்ணா!" என்று கத்தினாள் அவள்.

படிகள் ஈரத்தில் வழுக்கின. மணி மூன்று நாற்பது. கரி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்துவைக் காப்பாற்றியது மீட்டரின் கத்தல். இந்த வீட்டில் கத்துவதற்கு எதுவும் இல்லை. லைனில் ஆளும் இல்லை. போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

முன்னால் ஓடிய அம்புரோஸ் சடாரென்று நின்றார். தபஸ்ஸும் அவர் முதுகில் போய் மோதினாள்.

படியின் குறுக்கே காட்டுமாடு நின்றது. ஐந்தடி தூரம். கண்ணும் கொம்பின் வளைவும் தெரிந்தன. மூக்கிலிருந்து ஆவி வந்தது. அது தலையைத் தாழ்த்தியது.

தபஸ்ஸும் அம்புரோஸின் முகத்தைப் பார்த்தாள். அவர் உதடு அசைந்தது. ஜோக் வரவில்லை.

"ஓடக் கூடாதுங்க," என்று பின்னாலிருந்து மாரிச்சாமி கிசுகிசுத்தார். "அதக் கண்ணுக்குக் கண்ணு பாக்காதீங்க. பக்கவாட்டுல செடிக்குள்ள எறங்குங்க. மெல்ல."

மெல்ல என்ற வார்த்தையைவிடக் கொடுமையான வார்த்தை அந்த நிமிடத்தில் தபஸ்ஸுமுக்கு வேறு இல்லை. தேயிலைக் கிளைகள் முழங்காலைக் கீற, ஒவ்வொரு அடியாக வைத்தாள். காட்டுமாட்டின் மூச்சு பக்கத்தில் கேட்டது. அடுத்த நிரைக்கு வந்ததும் மூவரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் நின்றன. கடைசி வீடு. கதவு சாத்தியிருந்தது. பக்கத்துச் சுவரில் மரச்சட்டம். நாற்பது செதில்களும் மீன் தோல் போல இறுகி மூடியிருந்தன. புகை இல்லை. வாசனை இல்லை. குழந்தை அழும் சத்தமும் இல்லை.

"வேலாயி! வேலாயி!" மாரிச்சாமி கதவை அறைந்தார்.

பதில் இல்லை.

அவர் பையைக் கீழே கொட்டிச் சுத்தியலை எடுத்தார். தன் கையால் இழைத்துப் பூட்டிய சட்டத்தின் மேல் ஓங்கி அடித்தார். ஒரே அடியில் பத்துச் செதில்கள் சிதறின. அம்புரோஸ் கதவில் தோளால் மோதினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் தெறித்தது.

உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. குளிருக்கு அது இதமாக இருந்தது. அந்த இதம்தான் தபஸ்ஸுமைக் குலைநடுங்க வைத்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தாள். கட்டிலில் ரூபாவதி சாய்ந்து கிடந்தாள். அவள் மார்பருகே துணியில் சுற்றிய பொட்டலம். கரிச்சட்டி பக்கத்தில், கையில் விசிறியோடு வேலாயி குப்புற விழுந்திருந்தாள்.

தபஸ்ஸும் பொட்டலத்தை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். குழந்தையின் தலை அவள் முழங்கையில் துவண்டது. எட்டு நாள் குழந்தை. ஒரு பன் ரொட்டி அளவுகூட கனம் இல்லை.

"அண்ணா, அவங்கள இழுங்க! மூச்சு விடாதீங்க!"

அம்புரோஸும் மாரிச்சாமியும் இரண்டு முறை உள்ளே போய் வந்தார்கள். முதலில் ரூபாவதி, அப்புறம் வேலாயி. மூன்றாம் முறை அம்புரோஸ் கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வீசினார். ஈரத் தரையில் அது சீறியது.

தபஸ்ஸும் படியில் உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைப் பனிக்காற்றுக்குக் காட்டினாள். பாதத்தைச் சுண்டினாள். தேய்த்தாள். மறுபடி சுண்டினாள். அல்லாவே, அல்லாவே என்று தன் குரல் தனக்கே கேட்டது. அம்புரோஸ் பக்கத்தில் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். மாரிச்சாமி சுத்தியலைப் பிடித்தபடியே நின்றார்.

குழந்தை தும்மியது.

முகம் கோணியது. பிறகு, பூனைக்குட்டி கத்துவது போல மெலிதாக, இடைவிடாமல் அழ ஆரம்பித்தது.

அம்புரோஸ் எழுந்து சுற்று வழியில் ஜீப்பை எடுத்துவர ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

குன்னூர் ஆஸ்பத்திரியில் மாலை ஆறரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள் என்றார். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது, குழந்தையை இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வேலாயிதான் முதலில் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடுங்கினாள். கட்டில் பக்கத்தில் நின்ற மாரிச்சாமியைப் பார்த்தாள்.

"சன்னல ஒடச்சுட்டியாமே! நர்சு சொல்லுது. ஏண்ணே, புள்ளைக்குக் குளுராதா?"

தபஸ்ஸும்தான் உட்கார்ந்து சொன்னாள். செதில் எதற்காக விரிகிறது, சூட்டோடு சேர்ந்து எது வெளியே போகிறது, போகாவிட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னாள். வேலாயி கேட்கக் கேட்க, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

"இத்தன நாளா எங்கிட்ட யாரும் இதச் சொல்லலியே," என்றாள் கடைசியில். "தொடாதேன்னு மட்டும் சொன்னாங்க. சொல்லியிருந்தா நான் ரெண்டு கம்பளிய சேத்துப் போத்திட்டு இருந்திருப்பேனே."

வாசலில் நின்ற மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வேறு ஒரு செய்தியோடு வந்திருந்தாள்.

"இந்து கண்ணு முழிச்சுட்டா. யாரு செஞ்சதுன்னு கேக்கறா."

எல்லாரும் மாரிச்சாமியைப் பார்த்தார்கள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க," என்றார் தபஸ்ஸுமிடம். "அந்தம்மா மூஞ்சில முழிக்க எனக்கு தைரியம் இல்லீங்க."

"ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போவோம். நான் கூட வர்றேன், நடந்ததைச் சொல்லலாம். இப்ப இந்து மேடம்கிட்ட நீங்களேதான் சொல்லோணும்."

"வாங்கண்ணே," என்றார் அம்புரோஸ். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்."

இந்துவின் கட்டில் வராந்தாவின் கடைசியில் இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் ஊசி. மாரிச்சாமி கட்டிலுக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டார். மப்ளரைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாந்தானுங்கம்மா திருப்பி மாட்டுனேன். நீங்க இருமிட்டே இருந்தீங்க. குளுராம இருக்கட்டும்னு..."

தோள் குலுங்கியது.

இந்து அவர் பக்கம் தலையைத் திருப்பினாள். கோபப்படப் போகிறாள் என்று தபஸ்ஸும் நினைத்தாள். மெட்டில்டாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓரடி முன்னால் வந்தாள்.

"திருப்பி மாட்டினா மூடிக்கும்னு உங்களுக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?" என்று கேட்டாள் இந்து. குரல் கம்மியிருந்தது.

"செதிலப் பாத்தா தெரியுதுங்களே. ஈரத்துக்கு ஒரு பக்கம் வளையுது, காய்ஞ்சா மறுபக்கம். பலகைன்னா அப்படித்தானுங்க."

"எனக்கு அது புரியறதுக்கு நாலு வருஷம் ஆச்சு," என்றாள் இந்து. கண் ஓரத்தில் நீர் இறங்கியது. "எதுக்குன்னு மட்டும் நான் உங்ககிட்ட சொல்லாமப் போயிட்டேன்."

ஊசி குத்தாத கையால் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினாள்.

"உக்காருங்கண்ணா. இப்பச் சொல்றேன்."

மாரிச்சாமி ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். மப்ளரை மடியில் வைத்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.